சிவப்புக் கோடு போட்ட கடதாசி: ஜேர்மனியில் அசூல் (தஞ்சம்) மறுக்கப்பட்ட ஒருவரின் அடையாளம்

ஜேர்மனியில் தஞ்சம் மறுக்கப்பட்டவர்களுக்குக் கொடுக்கும் கடதாசிக்கு டுல்டுங் என்று பெயர். பொறுத்துக்கொள்ளுதல் என்பது நேரடிப் பொருள். எங்கட சனம் அதை மொழிபெயர்ப்பதில்லை. 'டுல்டுங்கில இருக்கிறன்' என்றால் எல்லாம் விளங்கிவிடும்.

மடித்த ஒரு தாள். உள்ளே ஆளின் படம், பெயர், பிறந்த திகதி. மேலே மூலைக்கு மூலை ஒரு சிவப்புக் கோடு. அதோடு இரண்டு வசனங்கள்: 'இது வதிவிட அனுமதி அல்ல! இதை வைத்திருப்பவர் நாட்டை விட்டு வெளியேறக் கடமைப்பட்டவர்!' இரண்டிலும் ஆச்சரியக்குறி. வேறெந்த அரசாங்க ஆவணத்திலும் இப்படிக் கத்துகிற வசனத்தை நான் கண்டதில்லை. மூன்று மாதம் அல்லது ஆறு மாதத்துக்கு ஒருமுறை போய்ப் புதுப்பிக்க வேண்டும்.

ரூர் பகுதியில் ஒரு ஆலோசனை நிலையத்தில் மொழிபெயர்க்க உட்காரும் ஆள் நான். கீழே எழுதியிருப்பது ஒரே ஒருவருடைய கதை அல்ல. ஒரே வழியால் போன மூன்று நான்கு பேருடைய கோப்புகளை ஒன்றாக்கி, ஆளைக் கண்டுபிடிக்க முடியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். சட்டம், திகதி, எண்ணிக்கை எதையும் மாற்றவில்லை.

அவருக்கு இப்போது நாற்பது வயது கடந்துவிட்டது. இலங்கையின் வடக்கே வன்னியில் போரின் கடைசிவரை இருந்தவர். 2014இல் ஜேர்மனிக்கு வந்தார். 2017இல் 'நெகட்டிவ்', அதாவது மறுப்பு முடிவு, வந்தது. நிர்வாக நீதிமன்றம் 2019இல் வழக்கைத் தள்ளுபடி செய்தது. அந்த ஆண்டுக் கோடையில் முதலாவது டுல்டுங். அதைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டது இது: "அண்ணை, இது என்ர ஐ.சி. மாதிரியா, இல்லாட்டி பொலிஸ் துண்டு மாதிரியா?"

ஐ.சி. என்று அவர் சொன்னது இலங்கை அடையாள அட்டையை. சரியான கேள்வி. பதில் இரண்டும்தான்.

ஜேர்மன் வதிவிடச் சட்டத்தின் 48ஆம் பிரிவு ஒரு வழி வைத்திருக்கிறது. கடவுச்சீட்டு இல்லாத, நியாயமான முயற்சியால் அதை எடுக்கவும் முடியாத ஒருவருக்கு, படமும் விவரங்களும் உள்ள இந்தத் தாளில் 'அடையாள ஆவணத்துக்குப் பதிலானது' என்று குறித்துக் கொடுக்கலாம். அப்படிக் குறித்தால் ஆள் அடையாளம் காட்டும் கடமையை நிறைவேற்றியவராகிறார். இந்தக் குறிப்பைக் காணாத தாள்களும் உண்டு. அதைவிடப் பெரிய சிக்கல் தாளில் வருகிற இன்னொரு வரி: 'விவரங்கள், வைத்திருப்பவர் தானே சொன்னவற்றின் அடிப்படையிலானவை.' அதாவது, இவர் இன்னார் என்று அரசு சொல்லவில்லை. இன்னார் என்று இவர் சொல்கிறார் என்றுதான் அரசு சொல்கிறது.

இந்த ஒரு வரியால் தடுக்கி விழுகிற இடங்கள் பல. வங்கியில் கணக்குத் திறப்பதற்கு 2016 முதல் சட்டப்படி உரிமை உண்டு, டுல்டுங் காரருக்கும் அடிப்படைக் கணக்குக் கொடுத்தாக வேண்டும். ஆனாலும் கவுண்டரில் இருக்கிற பிள்ளை அந்த வரியை விரலால் காட்டி, "பாஸ் இல்லையா?" என்று கேட்கும். 2017 யூலையிலிருந்து முற்பணச் சிம்முக்கும் அடையாளம் காட்ட வேண்டும். எங்கட ஆளின் கைபேசி இலக்கம் நெடுங்காலம் ஒரு நண்பரின் பெயரில்தான் இருந்தது.

இந்தத் தாளைக்கூடச் சில வெளிநாட்டவர் அலுவலகங்கள் கொடுக்காமல் இழுக்கும். படமில்லாத ஒரு 'எல்லை கடந்த சான்று' கொடுத்து, இன்ன திகதிக்குள் போ, போகும்போது எல்லையில் இதைக் கொடு என்று அனுப்பிவிடும். இது பழைய பழக்கம். கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் 1997லேயே இதை ஏற்கவில்லை. பிறகு 2003 மார்ச்சில் அரசியலமைப்பு நீதிமன்றம் இன்னும் தெளிவாகச் சொன்னது: ஒன்று நாடு கடத்து, முடியாவிட்டால் டுல்டுங் கொடு, இரண்டுக்கும் நடுவில் கடதாசியில்லாத ஒரு நிலையைச் சட்டம் அறியாது. அந்த வழக்கில் அனுமதியின்றித் தங்கியதற்காக ஒருவருக்குத் தண்டனை விதித்திருந்தார்கள். டுல்டுங் பெற அவருக்கு உரிமை இருந்ததா என்று பார்க்காமலே தண்டித்தது தவறு என்று நீதிமன்றம் முடிவு செய்தது. அலுவலகத்தில் யாராவது இழுத்தடித்தால் இந்தத் தீர்ப்பின் ஆண்டைச் சொல்லிப் பாருங்கள். எனக்குத் தெரிய இரண்டு தடவை வேலை செய்திருக்கிறது.

இந்த விஷயத்தில் சுவிஸ் பக்கத்தைப் பார்த்தால் ஜேர்மனி பரவாயில்லை என்று தோன்றும். அங்கே இறுதியாக மறுக்கப்பட்டு, போகச் சொன்ன நாளும் கடந்தவர் கையில் எந்த அனுமதி அட்டையும் இருக்காது. 2008 முதல் அவர்களுக்குச் சமூக உதவியும் இல்லை, அவசர உதவி மட்டுமே. சட்டவிரோதமாகத் தங்கியதற்காகத் திரும்பத் திரும்பத் தண்டனையும் வரலாம்.

சரி, எங்கட ஆளுக்கு வருவோம்.

முதல் டுல்டுங்கோடு ஒரு உணவகத்தின் குசினியில் கோப்பை கழுவ அனுமதி கிடைத்தது. 2020 யூலையில் புதுப்பிக்கப் போனபோது வேறொரு தாளைக் கொடுத்தார்கள். அதே சிவப்புக் கோடு, தலைப்பில் மட்டும் கூடுதலாக ஒன்று: 'அடையாளம் தெளிவாகாதவர்களுக்கான டுல்டுங்'. 2019 ஓகஸ்ட் 21 முதல் நடைமுறைக்கு வந்த 60பி என்ற பிரிவு அது. கடவுச்சீட்டு எடுக்க ஆள் ஒத்துழைக்கவில்லை என்று அலுவலகம் முடிவு செய்தால் இதைக் கொடுக்கலாம். விளைவு உடனே தெரியும். வேலை செய்ய முடியாது. இருப்பிடம் கட்டுப்படும். இந்தத் தாளில் கழிகிற காலம், பின்னால் வதிவிட அனுமதிக்குக் கணக்கெடுக்கும்போது டுல்டுங் காலமாகச் சேராது. குசினி வேலை அந்த வாரமே போனது.

என்ன செய்தால் ஒத்துழைத்ததாகும் என்று சட்டம் பட்டியலே போட்டிருக்கிறது. தூதரகத்துக்கு நேரில் போவது, கைரேகை கொடுப்பது, கட்டணம் கட்டுவது, கேட்டால் 'நானாக விரும்பித் திரும்புகிறேன்' என்று எழுதிக் கொடுப்பது எல்லாம் அதில் உண்டு. இந்தக் கடைசி ஒன்றில்தான் எல்லாரும் நிற்பார்கள். பெர்லினில் இலங்கைத் தூதரகமும் பிராங்க்பர்ட்டில் துணைத் தூதரகமும் இருக்கின்றன. எங்கட ஆள் இரண்டுக்கும் போகமாட்டேன் என்று நின்றார்.

அவரைப் பிடிவாதக்காரர் என்று சொல்ல எனக்கு மனமில்லை. 2021 மார்ச் 23 அன்று ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைப் பேரவை இலங்கையின் நிலைமை பற்றிக் கவலை தெரிவித்து 46/1 தீர்மானத்தை நிறைவேற்றியது. அதைக் கொண்டுவந்த நாடுகளில் ஜேர்மனியும் ஒன்று. சரியாக ஒரு வாரத்தில், மார்ச் 30 அன்று, டியூசல்டார்ஃபிலிருந்து கொழும்புக்குத் தமிழர்களை ஏற்றிக்கொண்டு ஒரு விமானத்தை அனுப்பியதும் அதே ஜேர்மனிதான். அதில் போன ஒருவரோடு எங்கட ஆள் ஒரே முகாமில் ஒரே அறையில் இருந்தவர். "அண்ணை, பாஸ்போட்டைக் கொண்டுபோய்க் குடுக்கிறது என்ர ரிக்கற்றுக்கு நானே காசு கட்டுற மாதிரி" என்றார்.

இங்கேதான் இந்த முழுச் சிக்கலின் முடிச்சு இருக்கிறது. தஞ்சம் மறுக்கப்பட்டவரிடம் அரசு கேட்பது ஒரே ஒரு பொருளை. அந்தக் கடவுச்சீட்டு இருந்தால் வேலை, வங்கி, பிள்ளையின் பதிவு எல்லாம் திறக்கும். விமானக் கதவும் திறக்கும். எந்தக் கதவு முதலில் திறக்கும் என்று கொடுக்கும் ஆளுக்குத் தெரியாது. கொடுத்த மறுநாள் பொலிஸ் வந்து தட்டிய கதையும் உண்டு, கொடுத்ததால் வேலை அனுமதி கிடைத்த கதையும் உண்டு. சனம் முதலாவதைத்தான் நினைவில் வைத்திருக்கும். யாராக இருந்தாலும் அப்படித்தான்.

ஆனால் ஒளிப்பதால் அவர் நினைத்த அளவு பாதுகாப்பு இருந்ததா? இல்லை என்பதுதான் என் கணிப்பு. அதற்குக் காரணம் ஒரு இலக்கம்.

இலங்கையில் 1972 முதல் தேசிய அடையாள அட்டை இருக்கிறது. பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் ஒரு எழுத்தும். முதல் இரண்டு பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று, ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். 2016இலிருந்து பன்னிரண்டு இலக்கம். போர்க்காலத்தில் சோதனைச் சாவடிகளில் நின்று நின்று எங்கட தலைமுறைக்கு இந்த இலக்கம் பல்லவி மாதிரிப் பாடம். அப்போது வடக்கு கிழக்கில் கொடுத்த அட்டையில் சிங்களத்தோடு தமிழும் இருந்தது, தெற்கில் கொடுத்ததில் சிங்களம் மட்டும். கொழும்பில் அட்டையை நீட்டினால் பெயரை வாசிக்க முன்னமே நீ எந்தப் பக்கம் என்று தெரிந்துவிட்டது. அடையாள ஆவணம் என்றால் எங்கட ஆக்களுக்கு வயிறு கலங்குவதற்கு ஜேர்மனி காரணமில்லை, அது அங்கேயே தொடங்கியது.

அந்த இலக்கத்தை அவர் தஞ்ச விசாரணையிலேயே சொல்லியிருந்தார். அட்டை வன்னியில் போய்விட்டது, இலக்கம் வாயில் இருந்தது, கேட்டார்கள், சொன்னார். ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் இலங்கைக்கும் இடையில் ஆட்களைத் திரும்ப ஏற்கும் ஒப்பந்தம் 2005 மே முதல் நடைமுறையில் இருக்கிறது. கடவுச்சீட்டு இல்லாவிட்டாலும் நகல்கள், ஆளின் வாக்குமூலம், தூதரக நேர்காணல் போன்றவற்றால் குடியுரிமையை நிறுவி, ஒருவழிப் பயண ஆவணம் எடுக்க அதில் வழி உண்டு. வழக்கு முடிந்த பிறகு அலுவலகம் அவரில்லாமலே இதைத் தொடங்கலாம். ஆக, அவர் ஒளித்து வைத்திருப்பதாக நினைத்த அடையாளம் 2014இலிருந்தே கோப்பில் கிடந்தது. அந்த இலக்கத்தையும் வைத்துக்கொண்டு 'அடையாளம் தெளிவாகாதவர்' என்று அலுவலகம் தாள் அடித்ததுதான் எனக்கு இன்றுவரை சமிபாடு ஆகாதது. அவர் யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. இல்லாமல் இருந்தது பயணப் புத்தகம் மட்டும். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிய சட்டம் இது.

இதே நாட்டின் கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம், குடியுரிமை கேட்ட ஒருவருடைய வழக்கில் 2020 செப்டம்பரில் இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தது. முதலில் கடவுச்சீட்டு, அது முடியாவிட்டால் படமுள்ள வேறு அரச ஆவணம், அதுவும் இல்லையென்றால் பிறப்புப் பத்திரம் போன்றவை, எதுவுமே இல்லையென்றால் ஆளின் முரணில்லாத வாக்குமூலம். இப்படி ஏணிப்படி வைத்து இறங்கலாம் என்றது. ஜேர்மன் குடிமகனாகப் போகிறவருக்குச் சரிவருகிற ஏணி, கோப்பை கழுவப் போகிறவருக்கு ஏன் சரிவராது என்று நான் ஒரு அதிகாரியிடம் கேட்டேன். அது வேறு சட்டம் என்றார். உண்மைதான், வேறு சட்டம்தான்.

2021இல் மகள் பிறந்தாள். மனைவியும் 2016இல் வந்து டுல்டுங்கில் இருப்பவர். இருவரும் கோயிலில் தாலி கட்டியவர்கள். பதிவுக் கலியாணத்துக்குக் கடதாசி இல்லை, கோயில் கலியாணம் சட்டத்தில் செல்லாது. பதிவு அலுவலகம் பிறப்பைப் பதிந்தது. ஆனால் பிறப்புச் சான்றிதழ் கொடுக்கவில்லை. அதற்குப் பதிலாகப் பதிவேட்டின் அச்சுப் பிரதி ஒன்று. அதில் தாய்க்கு நேரே 'அடையாளம் நிறுவப்படவில்லை', தகப்பனுக்கு நேரே 'அடையாளம் நிறுவப்படவில்லை'. சட்டப்படி இந்தப் பிரதியும் பிறப்பை நிரூபிக்கும் ஆவணம்தான். பாலர் பாடசாலைக்கோ வேறு அலுவலகத்துக்கோ கொண்டுபோனால் மேசைக்கு மேசை அதை விளங்கப்படுத்த வேண்டும், அவ்வளவுதான். அந்தத் தாளை அவர் எனக்குக் காட்டியபோது மகள் வண்டிலில் நித்திரை. "இவளுக்குமா அண்ணை?" என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இருக்கவில்லை.

2022 டிசம்பர் 31 அன்று நிலைமை மாறியது. 'வாய்ப்பு வதிவிட உரிமை' என்று ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. 2022 ஒக்டோபர் 31 அன்று ஐந்து ஆண்டு தொடர்ச்சியாக நாட்டில் இருந்தவருக்குப் பதினெட்டு மாதத்துக்கு ஒரு வதிவிட அனுமதி. பெரிய குற்றங்கள் இருக்கக் கூடாது. வேண்டுமென்றே திரும்பத் திரும்பப் பொய் அடையாளம் சொல்லி நாடு கடத்தலைத் தடுத்தவருக்குக் கிடையாது. அந்தப் பதினெட்டு மாதத்துக்குள் மொழி, வருமானம், அடையாளம் மூன்றையும் காட்டினால் நிரந்தரத்துக்குப் போகும் அனுமதிக்கு மாறலாம் என்றது அந்தச் சட்டம். 60பி தாளில் கழித்த காலத்தையும் இந்த ஐந்து ஆண்டுக் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள். எங்கட ஆளுக்கு இதுதான் உயிர் கொடுத்தது.

இந்தச் சட்டத்தில் என்னைப் பொறுத்தவரை முக்கியமானது வரிசை. அனுமதி முதலில், கடவுச்சீட்டு பிறகு. பதினெட்டு மாத அட்டை கைக்கு வந்த அன்றே அவர் 'வெளியேறக் கடமைப்பட்டவர்' என்ற நிலையிலிருந்து விடுபட்டார். அதாவது கடவுச்சீட்டு விமான ரிக்கற்றாக இருந்தது நின்றுபோய், வெறும் கடவுச்சீட்டாக மாறியது. 2023 மேயில் அட்டை கிடைத்தது. யூன் முதல் கிழமை அவரே என்னைக் கூப்பிட்டார்: "அண்ணை, பிராங்க்பர்ட்டுக்கு எந்த ரெயினில போறது?"

கிட்டத்தட்ட மூன்று ஆண்டு வேலையைப் பறித்து, உதவிப் பணத்தைக் குறைத்து வாங்க முடியாத கடவுச்சீட்டு இப்படித்தான் வந்தது. நாடு முழுவதும் கணக்கும் அசைந்தது. 2022 இறுதியில் டுல்டுங்கில் இருந்தவர்கள் 2,48,145 பேர். ஒரு ஆண்டு கழித்து 1,93,972. எல்லாம் இந்தச் சட்டத்தால் என்று சொல்லமாட்டேன், பெரும்பங்கு அதனால்தான். அந்தச் சட்டம் 2025 டிசம்பர் இறுதியோடு காலாவதியாகும்படியே எழுதப்பட்டது. அதற்குப் பிறகு நெகட்டிவ் வாங்கியவர்களுக்கு மறுபடி பழைய முடிச்சுத்தான்.

பிராங்க்பர்ட் போனதோடு கதை முடியவில்லை. பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் வேண்டும். போரில் பதிவேடுகள் அழிந்த ஊர்க்காரருக்கு 'உத்தேச வயதுச் சான்றிதழ்' என்று ஒன்று எடுக்க ஆண்டுக்கணக்கில் இழுபடும். இவருடைய பதிவேடு தப்பியிருந்தது. தங்கச்சி பிரதேச செயலகத்துக்கு மூன்று தரம் அலைந்து பிரதி எடுத்து அனுப்பினார். அப்புறம்தான் பெயர்ச் சிக்கல்.

எங்கட பிறப்புப் பத்திரத்தில் பிள்ளையின் பெயருக்கு நேரே ஒரே ஒரு பெயர். தகப்பன் பெயர் வேறொரு கட்டத்தில் கிடக்கும். குடும்பப் பெயர் என்று எங்களுக்கு ஒன்றுமில்லை. ஜேர்மன் படிவத்தில் குடும்பப் பெயர்க் கட்டம் வெறுமையாக இருக்கக் கூடாது. 2014இல் விசாரணை மொழிபெயர்ப்பாளர் தகப்பன் பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டார், தன் உச்சரிப்புப்படி ஒரு 'எச்' எழுத்தையும் விட்டுவிட்டார். நீதிமன்றக் கடிதத்தில் இரண்டு பெயரும் இடம் மாறிக் கிடந்தன. புதிய கடவுச்சீட்டில் அந்த 'எச்' இருக்கிறது. மூன்று எழுத்துக்கூட்டலும் கோப்பில் 'அலியாஸ்' என்ற தலைப்பின் கீழ் வரிசையாக நிற்கின்றன. அலியாஸ் என்ற சொல்லைப் பார்த்தவுடன் புதிதாக வருகிற அதிகாரி நிமிர்ந்து உட்காருவார், கள்ளனைப் பிடித்துவிட்ட மாதிரி. ஒரு 'எச்'சுக்காக, மூன்று பேரும் ஒரே ஆள்தான் என்று விளக்கக் கடிதம் எழுதி, துணைத் தூதரகத்தின் முத்திரையும் வாங்கிக் கொடுத்தோம். இதைப் படிக்கிற யாராவது இப்போதுதான் விசாரணைக்குப் போவதாக இருந்தால், மொழிபெயர்ப்பாளர் பெயரை எழுதும்போது எட்டிப் பாருங்கள். ஊர்ப் பத்திரத்தின் ஆங்கில எழுத்துக்கூட்டல் தெரிந்தால் அதையே எழுதச் சொல்லுங்கள். இரண்டு நிமிட வேலை.

கொழும்புக்குப் பக்கத்துப் பத்தரமுல்லையில் அச்சாகிக் கடவுச்சீட்டு 2024 வசந்தத்தில் வந்தது. மொழிப் பரீட்சை பாஸ். பழைய உணவகக்காரரே மறுபடி கூப்பிட்டார், இந்தமுறை கோப்பை கழுவ அல்ல, சமைக்க. பதினெட்டு மாதம் முடிய முன்னரே அடுத்த அனுமதி கிடைத்தது.

மனைவியின் கடவுச்சீட்டு இன்னும் வரவில்லை. அவருடைய பிறப்புப் பதிவு கிடைக்கவில்லை. தன்னால் நியாயமாகச் செய்யக்கூடிய எல்லா முயற்சியும் செய்தவருக்கு அடையாளம் முழுதாகத் தெளியாவிட்டாலும் அனுமதி கொடுக்கலாம் என்று சட்டத்தில் ஒரு இடைவெளி உண்டு. அதற்காகத் தூதரகத்துக்கு எழுதிய கடிதங்கள், தபால் பற்றுச்சீட்டுகள், ரெயின் ரிக்கற்றுகள் எல்லாவற்றையும் ஒரு பச்சைக் கோவையில் திகதி வாரியாக அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

போன மாதம் பதிவு அலுவலகத்துக்குக் கூடப் போனேன். மகளின் பதிவைத் திருத்தினார்கள். புதிய அச்சுப் பிரதியில் தகப்பனுக்கு நேரே இருந்த வரி போய்விட்டது. தாய்க்கு நேரே இருந்தது அப்படியே நிற்கிறது.